வாய்க்காலும் வட்டச்சாலையும்: வளரும் ஊர்களின் நிலம் வழியே

திங்கள் | கும்பகோணம்

வடக்கே காவிரி, தெற்கே அரசலாறு. இரண்டுக்கும் நடுவில் கிழக்கு மேற்காக நீண்டு கிடக்கிறது பழைய கும்பகோணம். கோயில்களும் குளங்களும் கடைத்தெருக்களும் அந்த இடத்தை எப்போதோ நிரப்பிவிட்டன. புதிய வீடுகளுக்கு ஆற்றைத் தாண்டுவதைத் தவிர வேறு வழியில்லை. தஞ்சாவூர் சாலை, சென்னை சாலை, காரைக்கால் சாலை என எந்தப் பக்கம் போனாலும் ஒரே காட்சிதான்: நாற்று விட்ட வயல் ஒன்று, அடுத்து வண்ணக் கல் நட்ட வயல் ஒன்று, அதற்கடுத்து மண் கொட்டி மேடாக்கிய வயல் ஒன்று.

டெல்டாவில் நிலத்தைப் படிக்க வாய்க்காலிலிருந்து தொடங்க வேண்டும். பாசன வாய்க்கால் மேட்டில் ஓடும். அதிலிருந்து மடை வழியாகத் தண்ணீர் வயலுக்கு இறங்கும். வயலில் மிஞ்சியது பள்ளத்தில் இருக்கும் வடிகாலுக்குப் போகும். இரண்டும் தனித்தனி வலைகள். மனை போடுகிறவர்கள் இரண்டையும் ஒன்றாகவே பார்க்கிறார்கள். சாலை குறுக்கிடும் இடத்தில் ஒரு குழாயைப் போட்டு மேலே மண்ணைத் தள்ளிவிடுகிறார்கள். பாசன வாய்க்கால் அடைபட்டால் கீழ்மடைக்காரர் அந்தப் போகத்திலேயே சண்டைக்கு வருவார், விஷயம் வெளியே வந்துவிடும். வடிகால் அடைபட்டால் யாருக்கும் உடனே உறைக்காது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில்தான் தெரியும். அதற்குள் மனைகள் விற்று முடிந்திருக்கும்.

பத்து ஏக்கர் நஞ்சையை எடுத்துக்கொள்வோம். 40,470 சதுர மீட்டர். வரப்பு 15 சென்டிமீட்டர் உயரம் இருந்தாலே அந்த வயல் 6,000 கன மீட்டர் மழைநீரை, அதாவது அறுபது லட்சம் லிட்டரை, பிடித்து வைத்து மெதுவாக விடும். மனைக்காக ஒரு மீட்டர் மண் கொட்டினால், மூன்று யூனிட் (300 கன அடி) டிப்பரில் சுமார் 4,750 நடை, அந்தக் கொள்ளளவு முழுவதும் ஒரே கோடையில் போய்விடுகிறது. வரப்புகள் போனபின் வெற்று மண்ணாக இருக்கும்போதே, மணிக்கு 60 மில்லிமீட்டர் மழையில் அங்கிருந்து நொடிக்கு 200 லிட்டர் ஓடி வரும். தார்ச்சாலையும் மொட்டை மாடியும் சிமெண்ட் முற்றமும் வந்தபின் அதே மழைக்கு 470 லிட்டர்.

இப்போது அந்தக் குழாய்க்கு வருவோம். ஊருக்கு வெளியே ஒரு மனைப்பிரிவின் நுழைவில் 600 மில்லிமீட்டர் ஹியூம் குழாய் (கான்கிரீட் குழாய்) ஒன்று வடிகாலின் குறுக்கே கிடக்கிறது. வாயில் ஆகாயத்தாமரை, அடியில் கால்வாசிக்கு வண்டல். ஆயிரத்துக்கு ஒன்று என்ற சரிவில் புதுக் குழாயே நொடிக்கு 190 லிட்டர்தான் கடத்தும். டெல்டாவில் அந்தச் சரிவு கிடைப்பதே அபூர்வம். 470 லிட்டர் வர வேண்டிய இடத்தில் இதைப் போட்டால் மிச்சத் தண்ணீர் மேல்பக்கத்து வயலிலும், அதற்கு முன்பே இருந்த தாழ்வான தெருக்களிலும் நிற்கும். இதில் அநியாயம் என்னவென்றால், மண் கொட்டி உயர்த்திய மனைக்காரர் நனைவதில்லை. பக்கத்தில் பல வருடமாகக் குடியிருப்பவர் வீட்டில்தான் தண்ணீர் ஏறுகிறது.

குழாய் போட்டாலே தப்பு என்று சொல்லவில்லை. வடிகால் புறம்போக்கு எவ்வளவு அகலமோ அதே அகலத்துக்குப் பெட்டி வடிவப் பாலம் கட்ட வேண்டும்; அடித்தளம் வடிகாலின் படுகை மட்டத்துக்கு மேலே போகக் கூடாது. பெரும்பாலான பாலங்கள் கெடுவது இந்த இரண்டாவது விஷயத்தில். கான்கிரீட் மெத்தை போடும்போது தோண்டச் சோம்பி 30 சென்டிமீட்டர் உயர்த்திவிட்டால், அங்கிருந்து மேலே அந்த வடிகால் ஒரு குட்டை.

வாங்குகிறவரோ வார்டு உறுப்பினரோ செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. கிராம வரைபடத்தில் அந்தச் சர்வே எண்ணைச் சுற்றி ஓடும் எல்லா நீல, இரட்டைக் கோடுகளையும் குறித்துக்கொள்ள வேண்டும். நிலத்தின் வகையைச் சொல்லும் வருவாய்த்துறையின் அ-பதிவேட்டில் அவை வாய்க்கால் புறம்போக்கா, வண்டிப்பாதையா, பட்டா நிலத்துக்குள் ஓடும் கன்னி வாய்க்காலா என்று பார்க்க வேண்டும். பிறகு, சர்வே எண்ணின் எல்லை அளவுகளைக் காட்டும் புல வரைபடத்தில் இருக்கும் அகலத்தை நேரில் டேப் பிடித்து அளக்க வேண்டும், மனைப்பிரிவின் மேல் முனையிலும் கீழ் முனையிலும். பட்டாவுக்குள் ஓடும் கன்னி வாய்க்கால்தான் முதலில் காணாமல் போகும், ஏனென்றால் புறம்போக்குக் கணக்கில் அது வராது. நீர்வளத்துறை தரும் தடையில்லாச் சான்றில் தரை மட்டம், வடிகால் அகலம் பற்றிய நிபந்தனைகள் இருக்கும். அவை அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவு வரைபடத்திலும் ஏறியிருக்கின்றனவா என்று ஒத்துப் பார்ப்பது அவசியம். சான்று கோப்பிலும் வரைபடம் களத்திலுமாகப் பிரிந்து போவது வழக்கமாக நடக்கிறது.

2020-ஆம் ஆண்டுப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் இருக்கிறதே என்று பலர் நம்பியிருக்கிறார்கள். அந்தச் சட்டம் எண்ணெய், எரிவாயு ஆய்வு, உருக்காலை, தோல் பதனிடும் ஆலை போன்ற பட்டியலிட்ட தொழில்களைத் தடுக்கிறது. வீட்டுமனையை அது தொடுவதில்லை. நஞ்சை மனையாவதை நிறுத்தவோ நெறிப்படுத்தவோ முழுமைத் திட்டமும் (மாஸ்டர் பிளான்) நில உபயோக மாற்ற அனுமதியும்தான் கருவிகள். திட்டப் பகுதிக்கு வெளியே இருக்கும் விவசாய நிலத்துக்கு 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 47-ஏ பிரிவு பொருந்தும்.

செவ்வாய் | புதுக்கோட்டை

தஞ்சாவூரிலிருந்து கந்தர்வக்கோட்டை வழியே வரும்போது மண் சிவப்பாக மாறுகிறது. வயல் குறைந்து தைல மரமும் முந்திரியும் வருகின்றன. அப்புறம் திடீரென்று நேர்கோட்டுத் தெருக்கள்.

புதுக்கோட்டையின் மையப் பகுதியில் நடந்தால், தெரு முனையில் நின்று எதிர் முனையைப் பார்க்க முடியும். கீழ ராஜ வீதி, மேல ராஜ வீதி, வடக்கு ராஜ வீதி, தெற்கு ராஜ வீதி, அவற்றுக்கு இணையாக உள்ளும் புறமும் அடுக்கடுக்காகத் தெருக்கள். 1878-இல் திவானாக வந்த சேஷையா சாஸ்திரி காலத்தில் ஊர் இப்படி ஒழுங்கு செய்யப்பட்டது. குளங்களைத் தூர்வாரியதும் குடிநீருக்குத் தனியே குளம் ஒதுக்கியதும் அதே திட்டத்தின் பகுதிகள். சமஸ்தானம் 1948 மார்ச் 3-இல் இந்தியாவோடு இணைந்தது, 1974-இல் தனி மாவட்டம் ஆனது, 2024-இல் நகராட்சி மாநகராட்சி ஆனது. எல்லை விரிந்துகொண்டே போயிருக்கிறது. நேர்கோடு மட்டும் பழைய எல்லையிலேயே நின்றுவிட்டது.

பழைய ஊரை விட்டு வெளியே வந்த அரைக் கிலோமீட்டருக்குள் இது கண்ணில் படும். 24 அடிச் சாலை ஒன்று நன்றாகப் போய்க்கொண்டிருக்கும், மதில் சுவரில் முட்டி நிற்கும். சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு மனைப்பிரிவு, அதன் சாலை பத்தடி தள்ளித் தொடங்கும். இரண்டுக்கும் தனித்தனி அனுமதி, தனித்தனி வரைபடம், இரண்டிலும் விதிமீறல் கிடையாது. ஆனால் குப்பை வண்டி ஒரு கிலோமீட்டர் சுற்றுகிறது. குடிநீர்க் குழாய் முட்டுச்சந்தில் முடிவதால் கடைசி வீட்டுக்கு அழுத்தம் இல்லை. தீயணைப்பு வண்டி உள்ளே போனால் திரும்ப இடமில்லை.

இதைத் தவிர்க்க எவ்வளவு நிலம் வேண்டும் என்று கணக்குப் போட்டால் வியப்பாக இருக்கும். ஒரு சதுர கிலோமீட்டர் என்பது 247 ஏக்கர். அதில் கிழக்கு மேற்காக ஒன்று, தெற்கு வடக்காக ஒன்று என 18 மீட்டர் சாலை இரண்டு. அவற்றுக்கு நடுவே 12 மீட்டர் சாலை இரண்டு. நான்கும் சேர்த்து 59,100 சதுர மீட்டர், மொத்தப் பரப்பில் 6 சதவீதத்துக்கும் கீழே, பதினான்கரை ஏக்கர். இந்த நான்கு கோடுகள் மட்டும் முதலிலேயே நிலத்தில் விழுந்துவிட்டால், மனைப்பிரிவுகள் எப்படி வந்தாலும் ஊர் தப்பித்துக்கொள்ளும். வீடுகள் வந்தபின் அதே கோட்டைப் போட வேண்டுமென்றால் இடிக்க வேண்டும், இழப்பீடு தர வேண்டும், வழக்கு நடத்த வேண்டும்.

சிறிய ஊர் விஷயத்தில் நாங்கள் அழுத்திச் சொல்ல விரும்புவது இதுதான். முழுமைத் திட்ட வரைபடத்தில் குடியிருப்புக்கு மஞ்சள், வணிகத்துக்கு நீலம், விவசாயத்துக்குப் பச்சை என்று நிறம் பூசுவதில் ஆகும் நேரத்தில் பாதியை, சாலைக் கோடுகளையும் நீர்க் கோடுகளையும் சர்வே எண் வாரியாகப் புல வரைபடத்தில் இறக்குவதற்குச் செலவிட வேண்டும். நிறத்தை மனுப் போட்டு மாற்றிக்கொள்ளலாம், தினமும் மாற்றுகிறார்கள். தெருவும் வாய்க்காலும் ஒருமுறை அடைபட்டால் அடைபட்டதுதான்.

திட்டத்தில் கோடு போட்டால் மட்டும் போதாது என்பதற்குச் சட்டத்திலேயே காரணம் இருக்கிறது. முழுமைத் திட்டத்திலோ, அதில் ஒரு பகுதிக்கு மட்டும் விவரமாகப் போடும் விரிவு அபிவிருத்தித் திட்டத்திலோ சாலைக்கும் பூங்காவுக்கும் ஒதுக்கிய நிலத்தை, அறிவிப்பு வெளியான மூன்று ஆண்டுக்குள் கையகப்படுத்தவோ வாங்கவோ முனையாவிட்டால், நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 38-ஆம் பிரிவின்படி அது ஒதுக்கீட்டிலிருந்து விடுபட்டதாகவே கருதப்படும். சிறிய நகராட்சியின் கையில் நிலம் வாங்கப் பணம் எங்கே? மூன்று வருடம் ஓடிவிடும், நிலக்காரர் நீதிமன்றம் போவார், கோடு அழியும். இதற்கு நடைமுறையில் கைகொடுக்கும் வழிகள் இரண்டு. முதலாவது, திட்டச் சாலை ஓடும் சர்வே எண்ணுக்கு மனைப்பிரிவு மனு வரும்போதே அந்தச் சாலையை முழு அகலத்தில் உள்ளே வரைய வைத்துத் தானப் பத்திரமாக வாங்கிக்கொள்வது. இதற்கு மனுவைப் பார்க்கும் ஊழியர் மேசையில் சர்வே எண் பட்டியல் ஒட்டியிருக்க வேண்டும். பெரிய வரைபடத்தை ஒவ்வொரு மனுவுக்கும் விரித்துப் பார்க்க மாட்டார்கள்.

இரண்டாவது, நிலத்தைச் சேர்த்துப் பிரிப்பது. குஜராத் இதில் மிகுந்த அனுபவம் உள்ள மாநிலம். 1915-ஆம் ஆண்டு பம்பாய்ச் சட்டத்திலிருந்து வரும் மரபு, இப்போது 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நடக்கிறது. ஒரு பகுதியில் உள்ள எல்லா உரிமையாளர்களின் நிலத்தையும் ஒரே தாளில் சேர்ப்பார்கள். சாலை, பூங்கா, பள்ளி, ஏழைகளுக்கான வீடு, செலவை ஈடுகட்ட அதிகார அமைப்பு விற்கும் மனை ஆகியவற்றுக்கு ஒரு பங்கை எடுத்துக்கொண்டு, மீதியை அவரவருக்கே செவ்வக வடிவில், சாலை முகப்போடு திருப்பித் தருவார்கள். நூறு சென்ட் வைத்திருந்தவருக்கு அறுபது சென்ட் திரும்பினாலும், கோணல் மாணலாக வழியில்லாமல் கிடந்த நிலம் தெரு மேல் வந்துவிடுகிறது. இதில் சிக்கல் கணக்கில் இருப்பதில்லை, பட்டாவில் இருக்கிறது. தாத்தா பெயரில் கூட்டுப் பட்டா, பாகப் பிரிவினை பதிவாகவில்லை, ஒரு பங்காளி வெளிநாட்டில் என்று முப்பது சதவீத நிலமாவது இப்படிக் கிடக்கும் என்று எதிர்பார்த்தே தொடங்க வேண்டும். உட்பிரிவு அளவையை முதலில் முடிக்காமல் சேர்த்துப் பிரித்தலில் இறங்கினால் திட்டம் பாதியில் நிற்கும்.

இன்னொரு ஓட்டையையும் சொல்லியாக வேண்டும். 2019-ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 3,000 சதுர மீட்டருக்குக் குறைவான நிலத்துக்குத் திறந்தவெளி ஒதுக்கீடு கிடையாது. 3,000 முதல் 10,000 வரை, சாலை போக மீதியில் பத்து சதவீதத்தை நிலமாகவோ வழிகாட்டி மதிப்பில் பணமாகவோ தரலாம். 10,000-க்கு மேல் நிலமாகவே தர வேண்டும். 3,000 சதுர மீட்டர் என்பது 74 சென்ட். இப்போது ஐந்து ஏக்கர்க்காரர் என்ன செய்கிறார்? குடும்பத்தில் ஏழு பெயருக்குச் சுமார் 71 சென்டாகப் பிரித்துப் பத்திரம் போட்டு, ஏழு மனுவாகக் கொடுக்கிறார். நேர்மையாக ஒரே மனைப்பிரிவாக வந்திருந்தால், சாலைக்கு 28 சதவீதம் போக, 36 சென்ட் பூங்கா அந்தத் தெருவுக்குக் கிடைத்திருக்கும். இப்போது ஒரு சென்ட் கூட இல்லை. இதைப் பிடிக்க வில்லங்கச் சான்றை முப்பது வருடத்துக்குப் போட்டுத் தாய்ப் பத்திரத்தின் பரப்பைப் பார்த்தால் போதும். ஒரே தாய்ப் பத்திரத்திலிருந்து ஒரே ஆண்டில் பிரிந்த ஏழு துண்டுகளை ஒரே மனையிடமாகக் கருதி வரைபடம் கேட்க வேண்டும்.

புதன் | காரைக்குடி

திருமயம் கோட்டையைக் கடந்து காரைக்குடிக்குள் நுழைந்தால் இன்னொரு வகை ஒழுங்கு. செட்டிநாட்டு வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். அதனால் இரண்டு தெருக்களுக்கு இடையிலான தூரம் வீட்டின் நீளத்தால் முடிவாகிறது, தெருக்கள் தாமாகவே இணையாகின்றன. வறண்ட சீமை என்பதால் தண்ணீர்க் கணக்கு எல்லாவற்றையும் ஆள்கிறது. ஓட்டுக்கூரையிலிருந்து முற்றம், முற்றத்திலிருந்து தெரு வடிகால், அங்கிருந்து வரத்துக்கால், கடைசியில் ஊருணி. நிரம்பினால் மறுகால் வழியாக அடுத்த ஊருணிக்கு.

ஊரின் முகம் இன்னொரு பக்கம் திரும்பியதற்கும் தெளிவான காரணம் உண்டு. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்துக்கு 1948 ஜூலை 25-இல் நேரு அடிக்கல் நாட்டினார். அதைச் சுற்றிக் கல்லூரிகள், 1985-இல் பல்கலைக்கழகம். ஊர் விளிம்பில் இவ்வளவு பெரிய நிறுவன வளாகம் வந்தால், பழைய ஊருக்கும் வளாகத்துக்கும் இடையில் உள்ள நிலம் முதலில் நிரம்பும். இன்று ஒரு மருத்துவக் கல்லூரிக்கோ ஆட்சியர் அலுவலகத்துக்கோ ஊருக்கு வெளியே எட்டுக் கிலோமீட்டரில் இடம் பார்க்கிறவர்கள், அடுத்த முப்பது ஆண்டுக்கு அந்த ஊர் எந்தத் திசையில் போகும் என்பதையும் அப்போதே எழுதிவிடுகிறார்கள். அந்த எட்டுக் கிலோமீட்டருக்கும் குடிநீர், பேருந்து, சாக்கடை யார் கொடுப்பது என்ற கேள்வி இடத் தேர்வுக் கோப்பில் இருக்க வேண்டும்.

காரைக்குடியும் 2024-இல் மாநகராட்சி ஆனது. கோட்டையூர், கண்டனூர் பேரூராட்சிகளும் பக்கத்து ஊராட்சிகளும் சேர்ந்தன. இணைப்பு என்றாலே கிராமங்களில் எதிர்ப்பு எழுவது ஏன் என்று புரிந்துகொள்வது முக்கியம். சொத்து வரி ஏறும். கிராமத்துக்கான ஊரக வேலை உறுதித் திட்டம் மாநகராட்சி எல்லைக்குள் கிடைக்காது. விவசாயக் கூலியை நம்பியிருக்கும் குடும்பத்துக்கு இது நேரடி வருமான இழப்பு. குழாயும் தெருவிளக்கும் வர வருடங்கள் ஆகும், இழப்பு மட்டும் முதல் நாளிலேயே வரும். அதனால் இணைக்கும் ஊராட்சிக்கு முதலாண்டிலேயே என்னென்ன பணி என்று எழுத்தில் கொடுப்பது குறைந்தபட்ச மரியாதை.

இனி ஊருணி. விளிம்பில் உள்ள பல ஊருணிகளுக்குச் சுற்றுச்சுவரும் நடைபாதையும் விளக்கும் போட்டிருக்கிறார்கள், உள்ளே தண்ணீர் இல்லை. காரணம் எங்கும் ஒன்றே: வரத்துக்கால் துண்டிக்கப்பட்டிருக்கிறது. ஒரு ஏக்கர் ஊருணி இரண்டு மீட்டர் நிரம்பினால் எண்பது லட்சம் லிட்டர். அதற்கு வேலி கட்டுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலைகளுக்கு ஒரு வரிசை உண்டு. முதல் பெருமழையின்போது யாராவது குடையோடு வரத்துக்கால் நெடுக நடந்து, தண்ணீர் எங்கே திரும்பிப் போகிறது என்று பார்க்க வேண்டும். கோடையில் வரைபடத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாதது அன்றைக்கு அரை மணி நேரத்தில் தெரியும். பிறகு மட்டக்கருவி வைத்து இருபது மீட்டருக்கு ஒரு மட்டம் எடுக்க வேண்டும். ஐந்நூறுக்கு ஒன்றாவது சரிவு தொடர்ந்து இருக்க வேண்டும். நடுவில் ஒரு தார்ச்சாலை பதினைந்து சென்டிமீட்டர் உயர்ந்திருந்தாலே ஓட்டம் நின்றுவிடும். ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே போட்டால் இப்படித்தான் ஆகும். அடுத்து, வரத்துக்கால் ஊருணியில் சேரும் இடத்துக்கு முன்பு வண்டல் தொட்டி ஒன்று, வாரி எடுக்க ஆள் இறங்கும் அளவில். கடைசியாக, அதில் வந்து சேரும் வீட்டுக் கழிவுநீர்க் குழாய்களைக் கணக்கெடுத்து மறிக்க வேண்டும். இதை விட்டுவிட்டு மற்றதெல்லாம் செய்தால் ஊருணி நிரம்பும், சாக்கடையால்.

வியாழன் | நத்தம் வழியே திண்டுக்கல்

திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம். பெரும்பாலும் கண்மாய்களும் தோப்புகளும். திண்டுக்கல்லுக்கு அருகே நான்குவழிச் சாலை வந்ததும் ஒன்றை மட்டும் குறிக்க வேண்டும். புறவழிச்சாலை போடுவது ஊருக்குள் வராத வண்டிகளுக்காக. அதன் இருபுறமும் கல்யாண மண்டபம், பெட்ரோல் பங்க், ஷோரூம், கல்லூரி என வரிசையாக அனுமதி கொடுத்தால் பத்து வருடத்தில் அதுவே ஊரின் கடைத்தெரு ஆகிவிடும், பிறகு இன்னொரு புறவழிச்சாலை கேட்பார்கள். அணுகுசாலை இல்லாத இடத்தில் நேரடி வாசல் தரக் கூடாது. வாசல் வேண்டுமென்றால் பக்கத்து நிலங்கள் சேர்ந்து ஒரே வாசலில் இறங்கி, பின்புறச் சாலையால் பிரிந்துகொள்ளட்டும். அந்தப் பின்புறச் சாலைக் கோடு திட்டத்தில் இல்லாததால்தான் ஒவ்வொருவரும் நெடுஞ்சாலையை நோக்கித் திரும்புகிறார்கள்.

சனி | உதகமண்டலம்

மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும்போது சமவெளிக் கணக்கு எல்லாம் கீழேயே நின்றுவிடுகிறது. மலையில் நிலத்தின் பரப்பை விட அதன் சாய்வு முக்கியம்.

இருபது பாகை சரிவில் பத்து மீட்டர் ஆழத்துக்குச் சமதரை வெட்டினால் பின்புறம் மூன்றரை மீட்டருக்கு மேல் மண்சுவர் நிற்கும். முப்பது பாகையில் அது 5.8 மீட்டர். ஜேசிபி அரை நாளில் வெட்டிவிடும், அதற்குப் பிறகு அந்த மண்ணைப் பிடித்து நிறுத்துவதுதான் முழு வேலை. பாதி வெட்டி, வெட்டிய மண்ணை முன்புறம் கொட்டிச் சமன் செய்வது செலவு குறைவு என்று தோன்றும். கொட்டிய மண் இறுகாது. மழையில் ஊறி, மேலே நிற்கும் தூணோடு கீழே போகும். இருபது பாகை சரிவில் அதே பத்து மீட்டரை ஐந்தைந்தாக இரண்டு படியாக வெட்டினால் ஒவ்வொரு சுவரும் 1.8 மீட்டர்தான், வீட்டை இரண்டு தளமட்டத்தில் கட்டிக்கொள்ளலாம். பழைய கட்டடங்களில் பல இப்படிச் சரிவோடு ஒட்டியே இறங்குகின்றன.

தாங்குசுவர் இடிவதற்கு மண்ணின் எடையை விடச் சுவருக்குப் பின்னால் தேங்கும் நீரின் அழுத்தமே பெரும்பாலும் காரணம். சுவரில் 75 மில்லிமீட்டர் கசிவுக் குழாய் ஒன்றரை மீட்டருக்கு ஒன்று, வெளியே சற்றுச் சாய்ந்தபடி. பின்னால் ஓரடிக்கு உடைகல் வடிகட்டி. சுவரின் தலைமாட்டில் மழைநீரைத் திருப்பும் காங்கிரீட் ஓடை. நகரைச் சுற்றி வந்தால் கசிவுத் துளையே இல்லாத சுவர்கள் கண்ணில் படுகின்றன. துளை இருந்தும் ஒன்றிலும் ஈரத்தடம் இல்லையென்றால் அது இன்னும் மோசமான அறிகுறி: பின்னால் வடிகட்டி போடவில்லை, மண் அடைத்துவிட்டது. 2009 நவம்பரில் நீலகிரியில் பல இடங்களில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இதை அழகியல் பிரச்சினையாகப் பார்க்க முடியாது.

மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழு 1990-இலிருந்து இருக்கிறது. நீலகிரியில் கட்டட உயரம் 7 மீட்டருக்குள் என்பது நெடுநாள் விதி. பொக்லைன் ஓட்ட மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். உயரக் கட்டுப்பாடு காட்சியைக் காக்கும், ஆனால் கட்டடத்தை அகலவாட்டில் பரப்பும். அகலம் கூடினால் வெட்டும் சரிவு கூடும். உயரத்தோடு வெட்டுக்கும் ஒரு எல்லை எழுதப்பட வேண்டும் என்பது எங்கள் கருத்து: இத்தனை மீட்டருக்கு மேல் செங்குத்து வெட்டு கூடாது, அதற்கு மேல் என்றால் மண் பரிசோதனை, பொறியாளர் கையெழுத்து.

பள்ளத்தாக்கின் அடியில் ஏரி. ஜான் சல்லிவன் 1820-களில் வெட்டுவித்தது, முதலில் இன்று இருப்பதை விடப் பெரியது. பேருந்து நிலையமும் குதிரைப் பந்தயத் திடலும் இருக்கும் தாழ்நிலம் ஏரி பின்வாங்கிய இடம். கனமழையில் தண்ணீர் அங்கே தேங்கும்போது ஏரி தன் பழைய எல்லையை எடுத்துக்கொள்கிறது. இங்கே சமதரை இவ்வளவுதான் என்பதால், பொதுக்கட்டடம் எது வந்தாலும் இந்தச் சதுப்பின் மேல்தான் கண் விழும். 2024 மே 7 முதல் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமானது சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால். அது வண்டியை எண்ணுகிறது. அறைகளையும் கழிவுநீரையும் எண்ணும் வேலை பாக்கி இருக்கிறது.

திங்கள் | ஓசூர்

பெங்களூரு நாற்பது கிலோமீட்டர். அரசின் தொழிற்பேட்டையான சிப்காட் 1970-களில் வந்ததிலிருந்து ஓசூரின் வளர்ச்சி மாவட்டத் தலைநகரைப் பார்த்து நடக்கவில்லை. 2019-இல் மாநகராட்சி.

இப்படிப்பட்ட ஊருக்கு மக்கள்தொகை கணிப்பதில் எளிதாக வழுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. 2011 கணக்கெடுப்பில் அன்றைய நகராட்சி எல்லைக்குள் 1,16,821 பேர். பிறகு எல்லை விரிந்தது. பழைய எல்லையின் எண்ணை ஒரு பக்கமும் புதிய எல்லையின் எண்ணை மறுபக்கமும் வைத்து வளர்ச்சி விகிதம் போட்டால் ஊர் வெடித்துவிட்டதாகத் தெரியும், அந்த விகிதத்தில் முப்பது வருடம் நீட்டினால் பல ஆயிரம் ஏக்கர் விவசாய நிலம் மஞ்சளாகிவிடும். இன்றைய எல்லைக்குள் வரும் ஒவ்வொரு கிராமத்தின் 1991, 2001, 2011 எண்களையும் தனித்தனியாக எடுத்துக் கூட்டி, அந்த மூன்று கூட்டலுக்கும் விகிதம் போட வேண்டும். ஒரு நாள் வேலை.

நிலத் தேவையும் அப்படியே. மத்திய அரசின் 2014 நகரத் திட்ட வழிகாட்டி சமவெளிச் சிறு நகரத்துக்கு ஹெக்டேருக்கு 75 முதல் 125 பேர் என்கிறது. பத்தாயிரம் பேர் கூடினால், ஹெக்டேருக்கு நூறு என்று வைத்தாலும், 100 ஹெக்டேர், 247 ஏக்கர். ஆனால் ஏற்கெனவே போட்ட மனைகள் எத்தனை காலி? சாலை, பூங்கா போக ஒரு ஏக்கரில் 1,200 சதுர அடி மனை 21 தேறும். எல்லாவற்றிலும் நாலு பேர் குடியிருந்தால் ஹெக்டேருக்கு 200 பேருக்கு மேல். நாலில் ஒரு மனையில் மட்டும் வீடு இருந்தால் ஐம்பது சொச்சம். ஊர் விளிம்பில் பெரும்பாலும் இந்த இரண்டாவது நிலைதான்: மனை முதலீடாக வாங்கி முள் வளர விட்டிருக்கிறார்கள், சாலையையும் கம்பத்தையும் மாநகராட்சி பராமரிக்கிறது. மின் இணைப்பு எண்ணிக்கையை விற்ற மனை எண்ணிக்கையால் வகுத்தால் ஒவ்வொரு மனைப்பிரிவின் நிரம்பல் அளவு கிடைத்துவிடும். அது பாதியைத் தாண்டாத திசையில் புதிதாக நில உபயோக மாற்றம் கொடுக்கக் காரணமே இல்லை.

தொழிலாளி எங்கே தங்குகிறார் என்பதும் ஓசூரில் எழும் கேள்வி. சிப்காட் தொழிற்சாலைக்கு நிலம் எடுத்தது. வாடகைக்குச் சிறு வீடு யார் கட்டுவது என்பது சந்தையிடம் விடப்பட்டது. விளைவு, 600 சதுர அடி மனையில் மூன்று தளம், தளத்துக்கு நான்கு ஒற்றை அறை, பக்க இடைவெளி இல்லை, தெரு 16 அடி. இப்படிப்பட்ட தெருக்களில் பல 2016 அக்டோபர் 20-க்கு முன் போட்ட அங்கீகாரமற்ற மனைகள் வழியே வந்தவை. 2017 வரன்முறை விதிகள் அந்த மனைக்குச் சட்ட அந்தஸ்து தந்தன, தெருவை அகலப்படுத்தவில்லை. தொழிற்பேட்டை விரியும் ஒவ்வொரு முறையும், வேலைக்கு வருவோரில் பாதிப்பேருக்காவது இரண்டு கிலோமீட்டருக்குள் வாடகைக் குடியிருப்புக்கான நிலத்தை அதே அறிவிப்பில் ஒதுக்க வேண்டும்.

வரைவுத் திட்டம் உங்கள் ஊருக்கு வெளியாகும்போது ஆட்சேபம் சொல்ல இரண்டு மாதமாவது கிடைக்கும். பொதுவாக எழுதிய மனு கோப்பில் தூங்கும். கிராமத்தின் பெயர், சர்வே எண், உட்பிரிவு எண், அங்கே இன்று என்ன இருக்கிறது, திட்டத்தில் என்ன காட்டியிருக்கிறார்கள், என்ன மாற்ற வேண்டும் என்று ஆறு வரி போதும். புல வரைபட நகலில் சிவப்பு மையால் கோட்டை வரைந்து இணையுங்கள், மழைக்காலப் படம் ஒன்றும் சேருங்கள். வாய்க்கால் என்றால் மேல்பக்கத்துச் சர்வே எண்ணிலிருந்து அது சேரும் ஏரி வரை எல்லா எண்களையும் வரிசையாக எழுதுங்கள். நேரில் கேட்கும்படி வாய்ப்புக் கோருங்கள். உள்ளூர் திட்டக் குழும அலுவலகத்தில் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.